வளைவுக்கு இரண்டு சாண் முன்னால்

தடப் பராமரிப்புக் கையேடு, பத்தி பதினான்கு: ஜல்லி பரப்புவதற்கு முன்பு தடத்தின் மட்டமும் சீரும் சரிபார்க்கப்பட வேண்டும், சரிபார்த்தவர் உரிய படிவத்தில் கையொப்பமிட வேண்டும், கையொப்பம் இல்லாத இடத்தில் ஜல்லி இறக்கக் கூடாது.

இந்தப் பத்தியை எழுதியவன் நான். செம்பூர்ப் பக்கத்தில் ஓர் ஆலை. பெயர் வேண்டாம். அதற்கென்று சொந்தமாக ஆறு கிலோமீட்டர் ரயில் பாதை உண்டு. டாங்கர் வண்டிகள் உள்ளே வந்து நிரப்பிக்கொண்டு வெளியே போகும். அந்தப் பாதையைப் பராமரிக்கும் பிரிவின் அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் உட்கார்ந்திருந்தேன். கையேடு, படிவங்கள், பதிவேடுகள், எச்சரிக்கைக் கடிதங்களின் மாதிரிகள் எல்லாம் என் மேஜையில் பிறந்தவை. இத்தனை வருடத்தில் ஒரு தண்டவாளத்தையும் நான் தொட்டதில்லை. தொட வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை.

ஓய்வு பெற்று எட்டு வருடம் கழித்துத்தான் தொட்டேன், அதுவும் நிஜத்தின் எண்பத்தேழில் ஒரு பங்கு அளவில். மகன் கனடாவுக்குப் போனதில் எங்கள் செம்பூர் வீட்டில் ஓர் அறை காலியானது. எட்டடிக்கு நாலடி பிளைவுட் பலகையை மேஜையாக்கி, எங்கள் ஆலைப் பாதையை அதில் போடத் தொடங்கினேன். மட்டுங்காவில் வளர்ந்த என் மனைவி நடனமும் நாடகமும் பார்த்துப் பழகியவள். எழுபதை நெருங்கும் கணவன் பொம்மை ரயில் விடுவதை யாரிடமும் சொல்லாமல் காப்பாற்றினாள்.

வேலையை முறைப்படிதான் செய்தேன். வீட்டுக்கென்று ஏழு பக்கத்தில் தனி நடைமுறை எழுதினேன். கார்க் பட்டை ஒட்டுவது, அதன்மேல் தடம், தடத்தின் மேல் ஜல்லி. கட்டிட வேலை நடக்கும் இடத்திலிருந்து கருங்கல் பொடி வாங்கி வந்து டீ வடிகட்டியில் சலித்தேன். தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையில் பாத்திரம் தேய்க்கும் சோப்பு இரண்டு சொட்டு விட்டு, மருந்துக் குழாயால் ஜல்லியின் மேல் சொட்டுச் சொட்டாக ஊற்றினேன். சோப்பு விட்டால்தான் பசை கல்லுக்குள் இறங்கும்.

"வடிகட்டி எங்கே?" என்றாள் மனைவி.

"ஜல்லி சலிக்கிறேன்."

"டீயில கல்லு வந்தா கனடாவுக்கு எழுதுவேன், அப்பா என்ன பண்றார்னு."

ஒரு மாத வேலை. பசை காய்ந்ததும் இன்ஜினை ஓட்டினேன். மூன்றாவது சுற்றில் கிழக்கு வளைவில் கவிழ்ந்தது. நிமிர்த்தி வைத்தேன்; அடுத்த மூன்றாவது சுற்றில் அதே இடம். பத்தி பதினான்கை நினைத்துப் பார்த்தேன். மட்டம் பார்த்தவன் நான், கையொப்பமிட வேண்டியவனும் நான், அவசரப்பட்டு ஜல்லி இறக்கியவனும் நான். மூன்று பதவியும் ஒரே ஆளிடம் இருந்தால் என்ன ஆகும் என்று கையேட்டின் முன்னுரையிலேயே எச்சரித்திருக்கிறேன். வளைவை மூன்று முறை பிரித்து ஒட்டினேன். மூன்று முறையும் கவிழ்ந்தது.

ஆலையில் ஓய்வு பெற்றவர்களுக்கு ஒரு மருந்தகம் உண்டு. செவ்வாய்க்கிழமை ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். வரிசையில் நின்றபடி பழைய சக ஊழியர் ஒருவரிடம் வளைவைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தேன். பின்னால் நின்ற பெண்மணி எங்கள் பேச்சுக்குள் வந்தார்.

"வளைவுல விழுதுன்னா வளைவத் தோண்டாதிய சார்."

திரும்பிப் பார்த்தேன். அறுபது வயது இருக்கும். எண்ணெய் வைத்து இழுத்து வாரிய தலை, அகலமான கைகள். என்னை அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அவரைத் தெரியவில்லை. தடப் பிரிவில் நாற்பது பேர் வேலை பார்த்தார்கள். என் மேஜையில் அவர்கள் எண்களாக மட்டுமே இருந்தார்கள்.

"பின்ன எங்க தோண்டறது?"

"பாத்தாத்தான் சொல்லமுடியும். வந்து பாக்கட்டா?"

மரியாதைக்கு முகவரி சொன்னேன். சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தாராவியிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். கணவர் ஆலையின் தடப் பிரிவில் வேலை செய்தவர். அவர் இறந்ததும் கருணை அடிப்படையில் இவருக்கு அதே வேலை கிடைத்தது. கடப்பாரை, ஜல்லிக் கூடை, தடத்தின் மீது நடந்து சோதனை என்று இருபத்திரண்டு வருடம் உழைத்து, போன வருடம்தான் ஓய்வு பெற்றிருந்தார்.

அறைக்குள் வந்ததும் மேஜையை ஒருமுறை சுற்றி வந்தார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"நம்ம கேட்டு. நம்ம எடைமேடை. லோடிங் ஷெட்டு இன்னும் இந்தப் பக்கமா இருக்கும் சார்."

"எவ்வளவு?"

விரலால் காட்டினார். பிறகு பழைய வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். அவர் காட்டிய இடம்தான் சரி.

கவிழ்கிற வளைவை அவர் பார்க்கவே இல்லை. அதற்கு வெகு முன்னால் மண்டியிட்டு, கன்னத்தைப் பலகையில் ஒட்டி வைத்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடித் தண்டவாளத்தின் நீளத்துக்குப் பார்த்தார். பிறகு எழுந்து, "மாமி, ஒரு கரண்டி குடுங்க. காம்பு இரும்பா இருக்கணும்" என்றார்.

மனைவி தாளிக்கும் கரண்டியைக் கொண்டுவந்தாள். அதன் காம்பு நுனியால், தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் ஸ்லீப்பர் கட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்தார். டக், டக், டக். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் எனக்கு எந்த வித்தியாசமும் கேட்கவில்லை. வளைவுக்கு இரண்டு சாண் முன்னால் நிறுத்தி அதே ஸ்லீப்பரை மறுபடி தட்டினார்.

"கேக்கா?"

"இல்லியே."

"மாமிக்குக் கேக்கும். மாமி, சங்கீதம் படிச்சவுகதான நீங்க?"

அதை எப்படிக் கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை. சுவரில் மாட்டியிருந்த தம்புராவைப் பார்த்திருக்கலாம். மனைவி குனிந்து காது கொடுத்தாள்.

"இது கொஞ்சம் பொள்ளலா இருக்கு," என்றாள்.

"அதான். இதுக்கடியில காத்து. வண்டி வரும்போது இந்த ஒண்ணு கீழ எறங்குது. எறங்கின வண்டி ஆடுது. ஆடிக்கிட்டே போயி வளைவுல விழுது. நோவு இங்க, சாவு அங்க. நீங்க செத்த எடத்துல வைத்தியம் பாத்திருக்கிய."

வெந்நீரைத் துணியில் நனைத்து அந்த இடத்தில் வைத்தார். பத்து நிமிடத்தில் பசை இளகியது. தடத்தை மெல்லத் தூக்கினோம். அவர் தட்டிய ஸ்லீப்பருக்கு அடுத்ததன் அடியில் ஒரே ஒரு கல், மிளகில் பாதி. அது தடத்தை ஒரு மயிரிழை தூக்கியிருந்தது. பக்கத்து ஸ்லீப்பர்கள் இரண்டும் அந்தரத்தில் நின்றிருந்தன. மாத்திரைப் பொட்டலத்தின் தகடு அளவுகூட இல்லாத இடைவெளி. ரசமட்டத்துக்கு அது தெரியவில்லை. கரண்டிக்குத் தெரிந்தது.

கல்லை எடுத்து, கார்க்கைச் சுரண்டி, தடத்தை உட்கார வைத்தார். பிறகு ஜல்லி. நான் ஸ்பூனால் கொட்டியதைப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். கட்டைவிரலுக்கும் இரண்டு விரலுக்கும் நடுவில் பொடியை எடுத்து, ஸ்லீப்பர்களுக்கு இடையில் மட்டும் விழுமாறு கையை நகர்த்தினார். ஒரு கல்கூட ஸ்லீப்பரின் முதுகில் நிற்கவில்லை. ஓரத்தில் சரிவு நிஜத் தடத்தின் சரிவாகவே இறங்கியது. என்னுடையது பாயசத்தில் முந்திரி போட்டது மாதிரி இருந்தது; அதை அவரிடமே சொன்னேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தபோது, முப்பத்தைந்து வருடம் நான் எதைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன் என்று எனக்கே சந்தேகம் வந்தது.

மதியம் சாப்பிட்டு முடித்ததும், "சார், நான் சும்மா வரல. ஒரு காரியமாத்தான் வந்தேன்," என்று பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். லாமினேட் செய்த கடிதம். எங்கள் அலுவலகத்தின் முத்திரை.

பதினோரு வருடத்துக்கு முன் ஒரு மழைக்காலக் காலை. அவர் தனியாகத் தடத்தைச் சோதித்து நடந்துகொண்டிருந்தார். தண்ணீர் ஒரு ஸ்லீப்பர் வரிசைக்கு அடியிலிருந்து ஜல்லியை அரித்துக்கொண்டு போயிருந்தது. எதிரே டாங்கர் வண்டிகள் வந்துகொண்டிருந்தன. சிவப்புக் கொடி காட்டி நிறுத்தினார். மேற்பார்வையாளர் வர நாற்பது நிமிடம் ஆகும் என்று செய்தி வந்தது. அந்த நாற்பது நிமிடமும் அவர் சும்மா நிற்கவில்லை. ஓரத்து ஜல்லியைக் கையால் வாரி, கடப்பாரையால் இடித்து, ஓட்டையை அடைத்துவிட்டார். மேற்பார்வையாளர் வந்து அளந்தார். எல்லாம் வரம்புக்குள் இருந்தன. பழுது இல்லை என்று எழுதிவிட்டுப் போனார்.

பழுதைக் காட்டாமல் திருத்தியது அவர் செய்த குற்றம். வண்டியை நிறுத்தினால், சாட்சி வரும்வரை பழுதைத் தொடக்கூடாது என்று கையேட்டில் இருக்கிறது. அதுவும் என் பத்திதான்.

"முக்காதம் இந்த லெட்டரைக் குடுத்து பத்திரமா வையின்னான்," என்றார். முக்காதம் என்றால் வேலையாட்கள் குழுவின் தலைவர். "வண்டியக் காப்பாத்துனதுக்குப் பாராட்டுதாங்கன்னு நெனச்சேன். இங்கிலீஷ் நமக்கு எங்க தெரியும். கண்ணாடித்தாள் போட்டு சாமி படத்துக்குப் பக்கத்துல வச்சிருந்தேன் சார். பத்து வருசம். வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம சூடம் காட்டியிருக்கேன்."

மனைவி கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

"போன வருசம் பென்சன் பேப்பர் போடும்போது எம் மவ படிச்சா. திரும்ப ஒருக்கா படிச்சா. அப்புறம் சொன்னா, அம்மா இது திட்டுன கடுதாசின்னு."

கடிதத்தைப் படித்தேன். போதிய காரணமின்றி வண்டியை நிறுத்திப் பணிக்கு இடையூறு விளைவித்தமைக்காக இவர் கண்டிக்கப்படுகிறார். இனி இவ்வாறு நிகழாவண்ணம் எச்சரிக்கப்படுகிறார். ஓர் இடத்தைத் தவிர மற்றதெல்லாம் எனக்கு மனப்பாடம். மாதிரிக் கடிதம் எண் ஆறு. காலியாக விட்ட இடத்தில் காரணத்தை மட்டும் யாரோ நிரப்பியிருந்தார்கள்.

"உங்களுக்கு என்ன வேணும்?" என்றேன்.

"பணமா கேக்கேன்? ஒண்ணும் வேண்டாம். நான் சும்மா நிறுத்தலைன்னு ஆபீசு ஒரு கடுதாசி எழுதணும். அவ்வளவுதான். நீங்கதான் அங்க எழுதுதவருன்னு எல்லாரும் சொல்லுவாங்க."

சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. சொன்னேன்.

"இந்த வாக்கியம் நான் எழுதினது. உங்களுக்குன்னு எழுதல. எல்லாருக்கும் பொதுவா எழுதி வச்சது."

கடிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டார்.

"எம் மவ சொன்னா, ஒரு பிழைகூட இல்லாம எழுதியிருக்காங்கன்னு," என்றார். பிறகு, "அந்தப் பக்கத்து ஜல்லியையும் பிரிச்சிரணும் சார். அதுவும் பாயசம்தான்."

அந்த வாரமே மனு எழுதினேன். கண்டனத்தை எதிர்த்து நாற்பத்தைந்து நாளுக்குள் முறையிட வேண்டும். நாங்கள் பதினோரு வருடம் தாமதம். தாமதத்தைப் பொறுக்கக் கோருவது எப்படி என்று எனக்குத் தெரியும். மற்றவர்கள் கோரியபோது எப்படி மறுப்பது என்றும் எனக்குத்தான் தெரியும். அந்த இரண்டாவது அறிவுதான் இப்போது உதவியது. கண்டிப்பதற்கு முன் ஊழியரிடம் விளக்கம் கேட்க வேண்டும். எழுதிய விளக்கத்தை அவருக்குத் தெரிந்த மொழியில் ஒருவர் படித்துக் காட்டி, படித்தவர் கையொப்பமிட வேண்டும். ஆலையிலிருந்து நகல் வாங்கிப் பார்த்தேன். விளக்கத்தை முக்காதமே எழுதியிருந்தார். இவருடைய கையெழுத்து கீழே இருந்தது. படித்துக் காட்டியவர் என்ற இடம் காலி.

மனுவை ஆலையின் பணியாளர் பிரிவுக்கு அனுப்பினேன். அந்தப் பிரிவு இப்போது ஆலையில் இல்லை; நெருளில் ஒரு கண்ணாடிக் கட்டிடத்தின் ஐந்தாவது மாடிக்குப் போய்விட்டது.

சனிக்கிழமைகள் தொடர்ந்தன. முழுப் பாதையையும் பிரித்து மறுபடி போட்டோம். நான் வெட்டுவேன், அளப்பேன். அவர் தட்டுவார், ஜல்லி இடுவார். மனைவிக்கும் பொள்ளல் சத்தம் பழகிவிட்டது. நான்தான் செவிடன். ஒரு வெள்ளிக்கிழமை அவரைச் சோதித்துப் பார்க்கும் புத்தி வந்தது. மூன்று இடங்களில் ஸ்லீப்பருக்கு அடியிலிருந்து கார்க்கைக் கொஞ்சம் நோண்டி எடுத்துவிட்டு, மேலே அழகாக மூடி வைத்தேன். மறுநாள் வந்தவர் வழக்கம்போலத் தட்டிக்கொண்டே போனார். மூன்றையும் கண்டுபிடித்தார்.

"சார் வெளையாடியிருக்காரு மாமி. இந்த மூணும் புதுசா நோண்டுனது. ஆனா இந்த நாலாவது சார் செஞ்சதில்ல. இது தானா வந்தது."

நான்காவதைத் தூக்கிப் பார்த்தோம். கார்க் பட்டையின் இணைப்பு மழைக்கால ஈரத்தில் உப்பியிருந்தது. என் மனுவில் இதை இணைப்பாகச் சேர்க்கலாமா என்று யோசித்தேன். பொம்மை ரயிலைத் தொழில்நுட்பச் சான்றாக ஏற்க இயலாது என்று பதில் வரும். நானாக இருந்தால் அப்படித்தான் எழுதுவேன்.

இரண்டு மாதத்தில் பதில் வந்தது. நெருளுக்கு இது வேகம். விளக்கம் பெறும் நடைமுறை முறையாகப் பின்பற்றப்படாததால் கண்டனப் பதிவு பணிப் பதிவேட்டிலிருந்து நீக்கப்படுகிறது. எனக்கு வெற்றிக் களிப்பு. நடைமுறையை வைத்தே நடைமுறையை அடித்திருந்தேன். அவருக்குத் தமிழில் சொன்னேன். கேட்டுக்கொண்டு ஜல்லி இட்டுக்கொண்டே இருந்தார்.

"நான் நிறுத்துனது சரின்னு போட்டிருக்கா?"

"அது... நேரடியாப் போடல. பதிவே இல்லைன்னு ஆயிடுத்து."

"அப்போ படிச்சுக் காட்டாதது தப்பு. நான் நிறுத்துனது தப்பா இல்லியான்னு ஒண்ணும் இல்ல."

"இல்ல."

"இது என்ன சார். திட்டுனதைத் திரும்ப எடுத்துக்கிட்டாங்க, காரணத்த விட்டுட்டாங்க."

முப்பத்தைந்து வருட அனுபவத்தில் அலுவலகப் பதில் ஒன்றை இவ்வளவு சரியாக யாரும் சுருக்கிச் சொல்லி நான் கேட்டதில்லை. சரி என்று எழுத ஆதாரம் வேண்டும் என்று விளக்கினேன். மேற்பார்வையாளர் அளந்தபோது பழுது இல்லை, ஓட்டையைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான், சாட்சி கிடையாது.

அவர் கையில் இருந்த பொடியைச் சரிவில் விட்டுக்கொண்டே சொன்னார்: "ஓரத்து ஜல்லிய வாரித்தான் அன்னிக்கு அடைச்சேன். ஓரம் மொட்டையாயிருச்சு. மறுநாளு ரெண்டு டிராலி ஜல்லி கொண்டாந்து அந்த எடத்துலதான போட்டோம். நானுந்தான் தள்ளுனேன்."

"எங்க போட்டீங்க?"

"அதே எடத்துல சார். எடைமேடைக்கு அந்தாண்ட, ரெண்டாவது கம்பத்துக்கிட்ட."

என் கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். ஆலையில் ஒரு கூடை ஜல்லி கொடுத்தாலும் எந்தக் கம்பத்துக்கு, எந்தத் தேதியில், எதற்காக என்று பதிவேட்டில் எழுத வேண்டும். ஜல்லி திருடு போகிறது என்று புகார் வந்த வருடம் நான் கொண்டுவந்த ஏற்பாடு. அப்போது எல்லோரும் என்னைத் திட்டினார்கள். பழுதே இல்லாத இடத்துக்கு மறுநாள் எதற்காக இரண்டு டிராலி ஜல்லி போயிற்று?

திங்கட்கிழமை ஆலைக்குப் போனேன். கிடங்கில் இருந்தவர் பழைய பதிவேடுகளைத் தேடத் தயங்கினார். எந்த அலமாரி, எந்தத் தட்டு, எந்த நிற முதுகு என்று நானே சொன்னேன். பதினோரு வருடத் தூசியோடு அது அங்கேயே இருந்தது. அந்தத் தேதிக்கு மறுநாள், இரண்டாவது கம்பம், இரண்டு டிராலி. காரணம் என்ற பத்தியில் கிடங்கு எழுத்தரின் கோணல் கையெழுத்தில், 'மழையில் அரிப்பு.' அதன்கீழ் கையொப்பம், பழுது இல்லை என்று எழுதிய அதே மேற்பார்வையாளருடையது.

நகல் எடுத்து இரண்டாவது மனு எழுதினேன். ஒரே பக்கம். இதுவரை நான் எழுதியவற்றில் மிகச் சிறியது. கேட்டது ஒரே வாக்கியம்தான்: குறிப்பிட்ட நாளில் வண்டியை நிறுத்தியதற்குத் தகுந்த காரணம் இருந்தது என்று எழுத்தில் ஏற்க வேண்டும்.

இதற்குப் பதில் வரவில்லை. நினைவூட்டல் ஒன்று, இரண்டு, மூன்று. நெருளுக்கு நேரில் போனேன். ஐந்தாவது மாடியில் இருந்த இளைஞர் அன்பாகப் பேசினார்; இப்படி ஒரு வாக்கியத்துக்குப் படிவம் இல்லை என்றார். அவர் சொன்னது உண்மை. நான் அதற்கு மாதிரிக் கடிதம் எழுதி வைத்ததே இல்லை. கண்டிப்பதற்கு ஆறு மாதிரி, எச்சரிப்பதற்கு நான்கு. சரியாகச் செய்தார் என்று சொல்ல ஒன்றுகூட இல்லை. அங்கேயே உட்கார்ந்து ஒரு வரைவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அதற்குள் எங்கள் பாதை முடிந்துவிட்டது. முதல் நாள் ஓட்டத்துக்கு அவருடைய மகளும் வந்திருந்தாள். தாதரில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுபவள். இன்ஜின் ஒன்பது டாங்கர்களை இழுத்துக்கொண்டு நாற்பது சுற்று ஓடியது. கிழக்கு வளைவில் அசையக்கூட இல்லை. மகள் அம்மாவைப் பார்த்து, "இதெல்லாம் நீ போட்டதா?" என்றாள் இந்தியில்.

"சார் வெட்டினாரு. நான் உக்கார வச்சேன்," என்றார் அம்மா.

பதில் அவருடைய தாராவி வீட்டுக்குத்தான் வந்தது. சனிக்கிழமை வரை காத்திருக்காமல் அன்றே பஸ் ஏறிவிட்டார். படம் எடுத்து அனுப்பியதை மகள் போனில் படித்துச் சொல்லிவிட்டாளாம்; ஆனாலும் நான் ஒருமுறை படிக்க வேண்டும் என்றார். மேற்படி நாளில் ஊழியர் வண்டியை நிறுத்தியது தகுந்த காரணத்தோடுதான் என்பது ஜல்லி வழங்கல் பதிவேட்டின் அடிப்படையில் ஏற்கப்படுகிறது. அவர் செயல் விபத்தைத் தவிர்த்தது. இரண்டாவது பாதி என் வரைவில் இல்லை. ஐந்தாவது மாடி இளைஞர் தானாகச் சேர்த்திருக்கிறார். தமிழில் சொன்னேன்.

"இன்னொருக்கா சொல்லுங்க. பைய," என்றார்.

இன்னொரு முறை சொன்னேன். மனைவியும் அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

கடிதத்தின் மூலையில் ஆகஸ்ட் இருபத்திரண்டு என்று தேதி போட்டிருந்தது. ஆனால் விதிப்படி, அனுப்பிய தேதி கணக்கில்லை. உரியவர் கையில் சேர்ந்த தேதிதான் பதில் வந்த தேதி. அது செப்டம்பர் ஒன்பது, செவ்வாய்க்கிழமை.